ஒரு வாழ்க்கை, ஒரு படப்புத்தகம்: சின்னக் குழந்தைகளோடு எப்படிப் பகிர்வது?

ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையை அறிமுகப்படுத்தப் படப்புத்தகத்தைவிடப் பொருத்தமான வடிவம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் 32 பக்கம்தான் இருக்கும். பெரிய தாளில் அச்சிட்டு மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டின் மடங்கில், பதினாறின் மடங்கில் வருவதால் நிலைத்துப்போன கணக்கு அது. தலைப்பும் பதிப்பு விவரமும் போனால் எழுதுபவருக்கு மிஞ்சுவது பதின்மூன்று, பதினான்கு இரட்டைப் பக்கங்கள். அதற்குள் ஒருவர் பிறந்து, வளர்ந்து, முட்டிமோதி, எதையோ செய்துமுடித்தாக வேண்டும்.

நல்ல புத்தகம் ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை வகுப்பில் எப்படிக் கொண்டுபோவது? ஒரே மூச்சில் வாசித்துக் காட்டலாம். இரண்டு மூன்று நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். எழுத்தை விட்டுவிட்டு முதலில் படங்களை மட்டும் பார்க்கலாம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாயால் கதையாகச் சொல்லலாம். திரையில் போடலாம். குழந்தைகள் கையிலேயே கொடுத்துவிடலாம். எல்லாமே ஆசிரியர்கள் செய்துவரும் வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் குழந்தைக்குள் வேறு வேறு விஷயத்தை விட்டுச்செல்கிறது.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தப் பெரிய வாழ்க்கையிலும் ஒரு நடுப்பகுதி இருக்கும். முயற்சி தொடங்கியாயிற்று, ஆனால் அது பலிக்குமா என்று அந்த மனிதருக்கே தெரியாத காலம். அந்தக் காலத்தில் குழந்தை அவரோடு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் என் அளவுகோல். கடைசிப் பக்கத்தில் வரும் பதக்கத்துக்கும் சிலைக்கும் குழந்தைகள் கைதட்டுவார்கள். ‘நானும் செய்து பார்க்கட்டுமா?’ என்று அவர்கள் கேட்பது நடுப்பக்கத்தில்தான்.

இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கும் ஓர் ஆய்வு உண்டு. சியாவ்டாங் லின்-சீக்லரும் அவரது குழுவும் நியூயார்க் நகரத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் 402 பேரிடம் நடத்தி 2016-ல் வெளியிட்டது. ஐன்ஸ்டைன், மேரி கியூரி, மைக்கேல் ஃபாரடே ஆகியோரைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்குச் சாதனைகள் மட்டும் கிடைத்தன. மற்றவர்களுக்கு, ஆராய்ச்சியில் அவர்கள் தோற்றுத் தோற்று மீண்டும் முயன்றதோ, சொந்த வாழ்க்கையில் பட்ட பாடோ கிடைத்தது. பாடுபட்டதைப் படித்த மாணவர்களின் அறிவியல் மதிப்பெண் உயர்ந்தது. முன்பு பின்தங்கியிருந்தவர்களிடம் இந்த உயர்வு நன்றாகத் தெரிந்தது. சாதனைப் பட்டியலை மட்டும் படித்தவர்களிடம் அது நடக்கவில்லை. அவர்கள் பதின்வயதினர், நம் குழந்தைகள் அவர்களைவிட மிகச் சிறியவர்கள். அதனால் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் எந்தப் பக்கத்தில் நேரம் செலவிட வேண்டும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி.

ஒப்பிட வசதியாக ஒரே வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். பார்வையற்றவர்கள் விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் 1809-ல் பிரான்சில் கூப்வ்ரே என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது கூரான கருவி ஒன்று கண்ணில் குத்திவிட்டது. புண் சீழ்பிடித்து அடுத்த கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதுக்குள் பார்வை முழுவதும் போய்விட்டது. பத்து வயதில் பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்கான பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த புத்தகங்களில் சாதாரண எழுத்துகளையே பெரிதாக, புடைப்பாக அச்சிட்டிருந்தார்கள். புத்தகங்கள் ஒவ்வொன்றும் பெருங்கனம். எண்ணிக்கையோ மிகக் குறைவு. ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் விரலால் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறகு சார்ல் பார்பியே என்பவர் உருவாக்கிய புள்ளி முறை அந்தப் பள்ளிக்கு வந்தது. அதில் ஒரு கட்டத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை. விரல்நுனிக்குள் அடங்காது. எழுத்துகளைக் குறிக்காமல் ஒலிகளை மட்டுமே குறித்தது. லூயி அதைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். 1824-ல், பதினைந்து வயதில், ஆறு புள்ளி முறை உருவாகிவிட்டது. 1829-ல் அதை அச்சில் வெளியிட்டார். பள்ளி அதை முறையாக ஏற்றுக்கொண்டது 1854-ல்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 43 வயதில், அவர் இறந்துவிட்டார்.

பன்னிரண்டு புள்ளி கைக்கு வந்ததிலிருந்து ஆறு புள்ளி பிறக்கும்வரை போன சில வருடங்கள்தான் இந்த வாழ்க்கையின் நடு. ஒரு படப்புத்தகம் அதற்கு இரண்டே பக்கம் ஒதுக்கியிருக்கலாம். அந்த இரண்டு பக்கத்தை ஒவ்வொரு வழியும் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ஒரே அமர்வில் வாசித்துக் காட்டுவது

இதுதான் அதிகம் பேர் செய்வது. நிறுத்தாமல் வாசித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கதையின் முழு உருவமும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு நேற்றுக் கேட்டதும் இன்று கேட்பதும் ஒரே கதை என்று இணைத்துக்கொள்வது எளிதில்லை. அந்த வயதுக்கு இந்த வழியே நல்லது. நாளை யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று சொல்ல முடியாத வகுப்புக்கும் இதுதான் பாதுகாப்பு.

பிரச்சினை எங்கே வருகிறதென்றால், எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. லூயியின் கதையில் கண்ணில் குத்திய சம்பவம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். குழந்தைகளின் மனம் அங்கேயே நின்றுவிடும். ரத்தம் வந்ததா, அம்மா அடித்தார்களா, டாக்டர் இல்லையா என்று கேட்டபடி இருப்பார்கள். நாம் அதற்குள் பாரிஸ் போயிருப்போம். பன்னிரண்டு புள்ளி ஏன் சரிவரவில்லை என்ற பக்கம் வரும்போது பாதிப் பேர் இன்னும் பட்டறையில்தான் இருப்பார்கள். அப்புறம் சட்டென்று வெற்றி, உலகமெங்கும் பிரெயில் எழுத்து, புத்தகம் முடிந்தது. குழந்தை வீட்டுக்குக் கொண்டுபோவது ஒரு விபத்தையும் ஒரு வெற்றியையும்தான். இடையில் இருந்த வேலை கழன்று விழுந்துவிடுகிறது.

இதையே தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு யோசனை: எந்தப் பக்கத்தில் மெதுவாகப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். விபத்துப் பக்கத்தில் ஓரிரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டு நகருங்கள். நடுப்பக்கத்தில் நிறுத்திப் பேச்சைத் திறந்துவிடுங்கள். வாசிப்பவர் கேள்வி கேட்டுக் குழந்தையைப் பேசவைத்தால் மொழி வளர்ச்சி வேகமாகிறது என்பதை க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-லேயே இரண்டு வயதுக் குழந்தைகளிடம் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் கேள்வி கேட்டால் கதை செத்துவிடும். ஒரு இடம், அதிகம் போனால் இரண்டு இடம் போதும்.

நடுவில் நிறுத்தி, நாளைக்கு என்று வைப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஆறு வயதுக்கு மேல் இருந்தால். ஆனால் எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மணி அடித்த இடத்தில் நிறுத்துவதும் பக்கத்தை எண்ணிச் சரிபாதியில் நிறுத்துவதும் பிரயோசனமில்லை. பிரச்சினை தெளிவாகி, தீர்வு இன்னும் வராத பக்கத்தில் நிறுத்த வேண்டும். லூயிக்குப் பன்னிரண்டு புள்ளி கிடைத்துவிட்டது, அது விரலுக்குள் அடங்கவில்லை. அங்கே புத்தகத்தை மூடிவிடுங்கள். ‘அவன் என்ன செய்திருப்பான்?’ என்று கேட்காதீர்கள். அது ஊகிக்கும் விளையாட்டாகிவிடும். ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வி வெறும் பேச்சாகப் போய்விடாமல் இருக்க, கையில் ஏதாவது இருக்க வேண்டும். தடித்த அட்டையில் பசைத் துளிகளை வைத்துக் காயவிட்டால் புடைப்பான புள்ளிகள் கிடைக்கும். ஓர் அட்டையில் ஆறு ஆறாக இரண்டு வரிசை. அதுதான் பார்பியேவின் கட்டம். அட்டையை மேசைத் துணிக்கடியில் வைத்து, கையை உள்ளே விட்டு எத்தனை புள்ளி என்று சொல்லச் சொல்லுங்கள். விரல் மேலும் கீழும் அலையும், எண்ணிக்கை தவறும், மறுபடி தொடங்குவார்கள். புத்தகம் ஒரே வரியில் சொன்ன சிரமம் அவர்களுடைய விரலுக்கே தெரிந்துவிடும். பிறகு யோசனைகள் வரும். புள்ளியைச் சின்னதாக்கலாம், நெருக்கி வைக்கலாம், குறைக்கலாம். எதையும் சரி என்றோ தப்பு என்றோ சொல்லாமல் கரும்பலகையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், குறைத்தால் எல்லா எழுத்துக்கும் போதுமா என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

ஏழெட்டு வயதுக்காரர்கள் அதைத் தாளிலேயே பார்க்கலாம். ஒரே ஒரு புள்ளிக்கு இடம் இருந்தால் ஒரு எழுத்துதான் எழுத முடியும். இரண்டு இடம் இருந்தால் மூன்று விதம். மூன்று இடம் இருந்தால் ஏழு விதம். அதற்கு மேல் அவர்களால் வரைந்து முடிக்க முடியாமல் போகலாம், பரவாயில்லை. ஆறு இடத்துக்கு 63 விதம் வரும் என்பதை மறுநாள் நீங்கள் சொல்லும்போது, அந்த எண் எதற்காக என்று அவர்களுக்குப் புரியும். லூயி சில வருடம் எதோடு மல்லுக்கட்டினார் என்பதும் புரியும்.

மறுநாள் புத்தகத்தைத் திறக்கும்போது குழந்தைகள் கேட்கும் விதமே மாறியிருக்கும். தங்களுடைய யோசனையை லூயியும் யோசித்தாரா என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருப்பார்கள். சொந்தமாக ஒரு விடையைப் பிடித்துக்கொண்டு வரும் குழந்தை கேட்பதற்கும், வெறுமனே கேட்க வந்த குழந்தை கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. தயாரிப்பு நேரம் அதிகம். நேற்று வராதவர்களுக்குக் கதையைச் சுருக்கிச் சொல்ல வேண்டும். அப்புறம் முடிவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வேண்டும். இது நினைப்பதைவிடக் கடினம், ஏனென்றால் பல வாழ்க்கை வரலாறுகளின் அட்டையே முடிவைச் சொல்லிவிடும். இன்னதைக் கண்டுபிடித்தவர், இந்தப் பரிசு பெற்றவர் என்று முகப்பிலேயே போட்டிருக்கும். புத்தகத்துக்கு வெற்றுத்தாளில் உறை போட்டுவிட்டால் தீர்ந்தது.

படங்களை முதலில் பார்ப்பது

இது தனி வழி என்பதைவிட, மற்ற வழிகளோடு சேரும் வழி. அபிகெயில் ஹவுஸனும் ஃபிலிப் யெனவைனும் அருங்காட்சியக ஓவியங்களுக்காக வடிவமைத்த மூன்று கேள்விகள் இங்கே அப்படியே பயன்படும்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்டுபிடிக்கலாம்? வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும், வகுப்பு மொழி இன்னும் பிடிபடாத குழந்தைக்கும் இது சமமான இடம் கொடுக்கிறது. வழக்கமாக வாய் திறக்காத ஒரு குழந்தை முதலாவதாகக் கை தூக்குவதை இந்த வழியில்தான் அடிக்கடி பார்க்கலாம்.

நல்ல படப்புத்தகத்தில் எழுத்து சொல்லாததைப் படம் சொல்லும். பார்வையிழந்த சிறுவனின் உலகத்தை ஓவியர் எப்படிக் காட்டியிருக்கிறார்? பக்கத்தைக் கறுப்பாக்கியிருக்கிறாரா, கைகளைப் பெரிதாக வரைந்திருக்கிறாரா, நிறத்தைக் குறைத்திருக்கிறாரா? எட்டு வயதுக் குழந்தையால் இதைக் கவனித்துப் பேச முடியும். ஆனால் கடைசிப் பக்கம் வரை புரட்டிக் காட்டினால் நடுப்பகுதியின் இறுக்கம் போய்விடும். எந்தப் பக்கத்தில் நிறுத்தப்போகிறோமோ அதுவரை மட்டும் காட்டுங்கள். வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள குழந்தை இருந்தால், ஒவ்வொரு படத்தையும் யாராவது ஒருவர் வாய்விட்டு விவரிப்பதை வழக்கமாக்குங்கள். பிரெயிலைப் பற்றிய புத்தகமே ஒரு குழந்தைக்கு எட்டாமல் போனால் அதைவிட வருத்தமானது வேறென்ன இருக்க முடியும்? விவரிப்பதால் மற்றவர்களும் கூர்ந்து பார்க்கப் பழகுவார்கள்.

கதையாகச் சொல்வது, திரையில் காட்டுவது

புத்தகம் இல்லாமல் சொல்லும்போது குழந்தைகளின் கண்ணைப் பார்த்துப் பேசலாம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், நடுப்பகுதியை வேண்டிய அளவு நீட்டலாம். அந்த வகையில் என் அளவுகோலில் இது நல்ல மதிப்பெண் வாங்குகிறது. ஆனால் சொல்லச் சொல்லக் கதை தானாக ஊதிப் பெருக்கும். ‘ஒரே இரவில் கண்டுபிடித்தார்’, ‘எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள்’ என்றெல்லாம் நம்மையறியாமல் சேர்ந்துவிடும். உண்மையில் வாழ்ந்த ஒருவருக்கு அது நியாயமில்லை. வருடங்களையும் பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது நல்லது. ஜப்பானில் 1930-களில் தெருக்களில் புகழ்பெற்றிருந்த காமிஷிபாய் முறையும் உதவும். பெரிய படத் தாள்கள் பார்ப்பவர்களை நோக்கி இருக்கும், சொல்பவருக்கான வாசகம் பின்புறம் இருக்கும். நாற்பது குழந்தைகள் இருக்கும் வகுப்பில் கடைசி வரிசைக்கும் படம் தெரியும், வாசகமும் கைவசம் இருக்கும்.

புத்தகம் குழந்தைகள் வீட்டில் பேசாத மொழியில் இருந்தால் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு வரி வாசித்து ஒரு வரி மொழிபெயர்ப்பது மிகச் சோர்வான வழி. கதையின் தாளம் இரண்டு மொழியிலும் கெட்டுவிடும். முதல் நாளே உட்கார்ந்து குழந்தைகளின் மொழியில் எழுதி, சின்னச் சீட்டுகளாகப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டு, முழுக் கதையையும் அந்த மொழியிலேயே வாசியுங்கள். மூல மொழியில் இன்னொரு நாள் வாசிக்கலாம். அப்போது கதை தெரிந்திருப்பதால் மொழியைப் பிடித்துக்கொள்வார்கள்.

திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பக்கங்களை டாக்குமென்ட் கேமராவில் வைத்துப் பெரிதாகக் காட்டுவது பெரிய வகுப்புக்கு நல்ல உதவி. பக்கம் திருப்புவது உங்கள் கையிலேயே இருக்கிறது. வேறு யாரோ வாசித்துப் பதிவுசெய்த காணொளி அப்படியில்லை. குரல் அழகாக இருக்கலாம், உச்சரிப்பு நன்றாக இருக்கலாம், ஆனால் அதன் வேகம் அதனுடையது. ஒரு குழந்தை கேள்வி கேட்க வாயெடுக்கும்போது படம் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். முதல் சந்திப்பாக அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

குழந்தைகள் கையில் கொடுப்பது

முதல் நாளே கொடுத்து ‘வாசியுங்கள்’ என்றால், வாசிக்க வல்லவர்களுக்கு மட்டும்தான் கதை கிடைக்கும். வெளிநாட்டுப் பெயர்களிலும் புதிய சொற்களிலும் மற்றவர்கள் திணறிப்போவார்கள். வகுப்பில் கேட்டு முடித்தபின் கொடுத்தால் கதையே வேறு. தெரிந்த கதை என்பதால் படத்தை வைத்தே இழுத்துக்கொண்டு போவார்கள். இருவர் இருவராக உட்கார்ந்து பிடித்த பக்கத்தை ஒருவருக்கொருவர் காட்டுவது இந்த வயதில் மிக இயல்பான வாசிப்பு. பலர் மறுபடி மறுபடி விபத்துப் பக்கத்துக்கே போவார்கள். அதைத் தடுக்க வேண்டாம். பயமான ஒன்றைத் தன் கையில், தன் வேகத்தில் திரும்பப் பார்ப்பது அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

வாசித்தபின் என்ன செய்வது

இதில்தான் பல நல்ல வாசிப்புகள் வீணாகின்றன. இடம் நிரப்பும் தாள் கொடுத்து, பிறந்த வருடம், ஊர், கற்றுக்கொண்ட பாடம் என்று எழுதச் சொல்வது ஒரு வழக்கம். ஒரு மனிதரோடு பழகிவிட்டு வந்த குழந்தையிடம் உடனே கணக்குக் கேட்பது அது. மாறுவேடம் போடுவது இன்னொரு வழக்கம். குழந்தைகளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் வேடம் பெரும்பாலும் புகழடைந்த வயதுக்கே போடப்படுகிறது. தாடியும் கோட்டும் பதக்கமும் வந்துவிடும், வேலை வராது.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லும் செயல்பாட்டையும் பிரெயில் கதையோடு சேர்ப்பார்கள். இதை நான் உறுதியாக வேண்டாம் என்பேன். திடீரென்று கண்ணைக் கட்டினால் கிடைப்பது பார்வையிழந்த முதல் சில நிமிடங்களின் பயம் மட்டுமே. பல வருடம் அப்படியே வாழ்ந்து பழகியவரின் திறமை அதில் தெரியாது. கல்லூரி மாணவர்களை வைத்து ஏரியல் சில்வர்மன் குழுவினர் செய்த ஆய்வில், இப்படிக் கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை செய்யவும் தனியாக வாழவும் முடியும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள். நாம் விரும்புவதற்கு நேர் எதிரான விளைவு.

அந்த மனிதர் செய்த வேலையைக் கொஞ்சமாவது செய்து பார்ப்பதுதான் சிறந்தது. தடித்த தாளை மடித்த துணியின்மேல் வைத்து, மழுங்கிய பென்சில் முனையால் புள்ளி குத்தலாம். பின்பக்கமிருந்து குத்த வேண்டும், வலமிருந்து இடமாக. திருப்பினால்தான் சரியாக வரும். முதலில் எல்லாருக்கும் தலைகீழாகும். தமிழுக்கும் அதே ஆறு புள்ளிதான், இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று, வலப்பக்கம் மூன்று. ‘அ’ என்றால் இடப்பக்கம் மேலே ஒரே ஒரு புள்ளி. ‘க’ என்றால் இடப்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று. அதோடு வலப்பக்கம் மேலே ஒன்று சேர்த்தால் ‘ம’. இந்த மூன்றை மட்டும் குத்தி, கண்ணை மூடித் தடவிப் பார்க்கவே ஒரு வகுப்பு நேரம் போய்விடும். லூயியின் கண்ணைக் குத்தியதும் புள்ளி குத்த அவர் பயன்படுத்தியதும் ஏறக்குறைய ஒரே மாதிரி கூர்முனைக் கருவிகள் என்பதை இந்த நேரத்தில் சொல்லலாம். யாராவது ஒரு குழந்தை தானே கவனித்துச் சொல்லவும்கூடும்.

வேறு வாழ்க்கைகளுக்கும் இது பொருந்தும். வில்சன் பென்ட்லி என்ற விவசாயி அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பனித்துகள்களை நுண்ணோக்கி வழியாகப் படமெடுக்கப் போராடி, 1885 ஜனவரியில் முதல் படத்தை எடுத்தார். வாழ்நாளில் ஐந்தாயிரத்துக்கும் மேல் எடுத்தார். அவர் கதையைக் கேட்ட குழந்தைகள் ஒரு சின்னப் பொருளை லென்ஸில் பார்த்து, அது கலைவதற்குள் வரையட்டும். வங்காரி மாத்தாய் கென்யாவில் 1977-ல் மரம் நடத் தொடங்கினார். நோபல் பரிசு வந்தது 2004-ல். அவருடைய கதைக்கு ஒரு விதையை நட்டு, முளைக்காத நாட்களையும் குறித்துவைப்பதே போதும்.

சொல்லும் விதத்தில் இரண்டு விஷயம்

உடல் குறைபாடுள்ளவரின் வாழ்க்கையைப் பகிரும்போது ‘குறையை வென்றார்’ என்று சொல்லிவிடுவது சுலபம். லூயிக்குக் கடைசிவரை பார்வை வரவில்லை, அவர் தீர்த்தது வாசிக்கும் பிரச்சினையை. புத்தகங்கள் அவருக்கு ஏற்றபடி இல்லை, அவர் அதை மாற்றினார். இப்படிச் சொன்னால், வகுப்பில் இருக்கும் காது கேட்காத, நடக்க முடியாத குழந்தையும் தலைநிமிர்ந்து கேட்கும். பரிதாபமும் வராது, ‘நீயும் அவரைப் போல் பெரிய ஆளாக வேண்டும்’ என்ற சுமையும் அதன் தலையில் ஏறாது.

இரண்டாவது, கற்பனை. படப்புத்தக வரலாறுகளில் வரும் உரையாடல்கள் பலவும் எழுதியவர் கற்பனை செய்தவை. அநேகமாகக் கடைசியில் இருக்கும் ஆசிரியர் குறிப்பில் எது ஆவணத்தில் உள்ளது, எது சேர்த்தது என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் அதை முதலில் படித்துவிடுங்கள். குழந்தைகளிடம் முன்கூட்டிச் சொன்னால் கதையை நம்பாமல் கேட்பார்கள், சொல்லாமலே விட்டால் அது ஏமாற்று. வாசித்து முடித்தபின், ‘அப்பா இப்படிப் பேசியது நமக்கு எப்படித் தெரியும்? யார் கேட்டு எழுதினார்கள்?’ என்று ஒரு கேள்வி போடுங்கள். ஏழு வயதுக் குழந்தை அந்தக் கேள்வியோடு சந்தோஷமாக மல்லுக்கட்டும்.

எது உங்களுக்கு

மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் கிடைக்குமானால் என் தேர்வு இது. முதல் நாள் உறை போட்ட புத்தகத்தில் படங்கள், பிறகு நடுப்பக்கம் வரை வாசிப்பு, அட்டையைத் தடவிப் பார்ப்பது. இரண்டாம் நாள் கரும்பலகையில் இருக்கும் யோசனைகளோடு மீதிக் கதை. மூன்றாம் நாள் புள்ளி குத்துவது. நேற்று வராதவர்களுக்குக் கதையை வந்தவர்களே சொல்லட்டும். எந்தப் பகுதி அவர்களிடம் தங்கியிருக்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு வகுப்பு நேரம்தான் இருக்கிறது என்றால் பிறப்பிலிருந்து இறப்பு வரை போகும் புத்தகத்தை விட்டுவிட்டு, ஒரு வாழ்க்கையின் ஒரே சம்பவத்தை மட்டும் சொல்லும் புத்தகமாகத் தேடுங்கள். அப்படிப்பட்டவை நிறைய வருகின்றன. அதில் பெரும்பகுதி நடுப்பகுதியாகவே இருக்கும், ஒரே அமர்வில் வாசித்தாலும் குறைவு தெரியாது. ஐந்து வயது வகுப்புக்கும் அதுவே பொருத்தம். நாற்பது பேருக்கு மேல் இருந்தால் படத் தாள்களோ டாக்குமென்ட் கேமராவோ இல்லாமல் தொடங்க வேண்டாம். படம் தெரியாத கடைசி வரிசை ஐந்தாவது நிமிடத்திலேயே வேறு வேலையைத் தேடிக்கொள்ளும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், முடித்த அன்றே புத்தகத்தை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில் குறைந்தது இரண்டு வாரம் கிடக்கட்டும். அட்டைகளும் பக்கத்திலேயே இருக்கட்டும். பக்கம் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.